ஹாகன் இடம்

மொன்டானா மலைச்சரிவில் இறங்கிய மாலை வெயில் புல்கட்டுகளின் மேல் மஞ்சளாகப் படுத்திருக்கிறது. பண்ணையை விற்றுவிட்ட ஐடெல்லா, வாசலின் முள்கம்பிக் கதவைப் பிடித்தபடி நிற்கிறாள். அவள் வண்டியில் தையல் மெஷினும், செத்துப்போன கணவன் ஆர்வலின் குதிரைச் சேணமும் ஏறியாயிற்று. பக்கத்துப் பண்ணை வென்டெல் கயிற்றை இழுத்துக் கட்டுகிறான். மாடுகள் இல்லாத தொழுவத்தில் தகரம் மட்டும் காற்றுக்கு முனகுகிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இங்கே வேலி போட்டிருக்கிறாள், பனிப்புயலில் பாதி மந்தையைப் பறிகொடுத்திருக்கிறாள். ஆனாலும் ஊர்க்காரர்களான எங்களுக்கு இது ஹாகன் இடம்தான். அவர்களுக்கு முன் இந்தப் பண்ணையை வைத்திருந்த ஹாகன் குடும்பத்தைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இப்போது உயிரோடு இல்லை.

"நான் செத்தாலும் ஹாகன் வீட்டுப் பொணம்னுதான் தூக்குவீங்க" என்கிறாள், ஊர் கூடிய எத்தனையோ நடன இரவுகளில் சொன்னதையே.

"அப்படிச் சொல்லாத, ஹாகன் கோச்சுக்குவாரு."

சிரிக்கும்போதே வென்டெலின் சட்டைப்பையில் போன் அடிக்கிறது. புது முதலாளியின் மாடுகளை ஏற்றி வரும் லாரிக்காரன் வழி கேட்கிறான்.

"பாலம் தாண்டி வலது பக்கம் திரும்புப்பா. ஐடெல்லா இடம்னு கேளு, யாருன்னாலும் காட்டுவாங்க."

சொன்னது அவனுக்கே உறைக்கவில்லை. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கயிற்றின் கடைசி முடிச்சை இறுக்குகிறான். ஐடெல்லாவின் கை கம்பியிலேயே நின்றுவிட்டது.

"எந்த இடம்னு சொன்ன?"

வென்டெல் தொப்பியைக் கழற்றுகிறான்.

"ஆர்வல் இருக்கும்போது ஒரு தடவ சொல்லியிருக்கலாமேடா" என்கிறாள், கதவை வெளியே நின்று சாத்தியபடி.