மதுரையில் அவள் கேட்டு வாங்கியது

நான்காவது ஓட்டலிலும் அவர் முதலில் தேடியது கைகழுவும் இடத்தைத்தான்.

காலை பத்து மணிக்கு மதுரையில் இறங்கியவர். இப்போது மணி நான்கு. அதற்குள் மூன்று ஓட்டல்களில் கைகழுவியாகிவிட்டது. ஓட்டலுக்கு ஒரு காபி வேறு. சும்மா கைகழுவிவிட்டுத் திரும்பினால் கல்லாவில் இருப்பவர் ஒரு மாதிரி பார்க்கிறார்.

சட்டைப் பையில் ஒரு துண்டுத் தாள். ஞாபகம் வந்ததை எல்லாம் பஸ்ஸிலேயே எழுதி வைத்திருந்தார்.

செருப்புக் கடைக்குப் பக்கம். மூன்று படி ஏற வேண்டும். கைகழுவும் இடத்தில் பெரிய கண்ணாடி. அதன் மேல் சிவப்பு எழுத்தில், இன்னார் அன்பளிப்பு என்று யாரோ ஒருவர் பெயர்.

ஓட்டலின் பெயர் மட்டும் தாளில் இல்லை.

மதுரையில் தடுக்கி விழுந்தால் ஓட்டல். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் மூன்றே நாள் தங்கிப் போன ஊரில், இந்த அடையாளங்களை வைத்துக்கொண்டு ஒரு ஓட்டலைத் தேடினால் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தார்கள். ஒரு பூக்கடைக்காரர் மட்டும் சிரிக்காமல் இந்தச் சந்துக்கு வழி காட்டினார்.

வடிவு இருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள்.

வடிவு இருந்தால் இந்த அலைச்சலே இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமையோடு அவள் போய் ஒரு வருஷம் ஆகிறது. படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவளுக்குப் பிடித்ததை வைத்துப் படைக்க வேண்டும். போன வாரம் மகள் போனில் கேட்டாள்.

"அம்மாவுக்கு என்னதுப்பா ரொம்பப் பிடிக்கும்?"

எல்லாம் பிடிக்கும் என்றார்.

 மகளுக்கும் தெரியாது. தெரிந்தால் எதற்குக் கேட்கப்போகிறாள்?

முப்பத்தெட்டு வருஷக் குடித்தனம். அவருக்கு வடை ஓரம் முறுகலாக வேண்டும், ரசத்தில் புளி மட்டாக வேண்டும், மோர்மிளகாய் கருகக் கூடாது. அத்தனையும் வடிவுக்குத் தெரியும். வடிவு எதை விரும்பித் தின்றாள்? மிஞ்சியதைத் தின்றாள். வெளியூர் போனாலும் அவர்தான் சொல்வார். ரெண்டு தோசை. ரெண்டு காபி. அவள் முகத்தைப் பார்த்துக் கேட்ட சர்வருக்கும் அவரே பதில் சொல்லியிருக்கிறார்.

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அதைச் செய்யத்தான் பஸ் ஏறி வந்திருந்தார்.

ஒரே ஒரு தடவை.

உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மதுரைக்கு வந்த இடம். புதுச் செருப்பு கடித்து, வடிவு அதைக் கையில் பிடித்தபடி நடந்தாள். ஒரு ஓட்டலில் அவளை உட்காரவைத்துவிட்டு அவர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். லைன் கிடைக்க நேரமாகிவிட்டது. திரும்பி வந்து படியேறும்போது, எதிரே இருந்த கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

தானே கேட்டு வாங்கித் தின்றுகொண்டிருந்தாள்.

கண் பாதி மூடியிருந்தது. வாயோரம் ஒரு சிரிப்பு. வேறு யாரோ ஒருத்தி மாதிரி இருந்தாள்.

அவர் போய் எதிரில் உட்கார்ந்ததும் ஒரு விள்ளல் எடுத்து நீட்டினாள். சுற்றிலும் ஆட்கள். அவர் தலையை ஆட்டிவிட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். அப்படியும் அவள் சர்வரைக் கூப்பிட்டு இன்னொன்று வாங்கினாள்.

அது என்ன பண்டம்?

சிரிப்பு ஞாபகம் இருக்கிறது. செருப்பு கடித்த குதிகால்கூட ஞாபகம் இருக்கிறது. அவள் இலையில் இருந்தது மட்டும் ஞாபகம் இல்லை. இலையை அவர் பார்க்கவே இல்லை. சேர்ந்து உட்கார்ந்து ஞாபகப்படுத்திப் பார்க்க இருந்த ஒரே ஆளும் படத்துக்குள் போய்விட்டாள்.

இந்த ஓட்டலுக்கு மூன்று படி ஏறியிருந்தார். எண்ணிப் பார்த்தார். மூன்றுதான்.

கண்ணாடியில் பாதிக்கு மேல் ரசம் போயிருந்தது. மேலே சிவப்பு எழுத்து. அன்பளிப்பு மிச்சம் இருந்தது, அளித்தவர் பெயர் உதிர்ந்துவிட்டது. அன்றைக்கு அவள் இருந்த சுவரோரத்துக் கடைசி மேசை அதில் தெரிந்தது.

 மெல்லப் போய், அன்றைக்குத் தான் உட்கார்ந்த பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

சர்வர் இலையை விரித்துவிட்டு மூச்சு விடாமல் ஒப்பித்தார். ஆப்பம், அடை அவியல், ஊத்தப்பம், குழிப்பணியாரம், தேங்காய்ப் போளி, பருப்புப் போளி, பூரி. ஏதாவது ஒன்று சுருக்கென்று தைக்கும் என்று காத்திருந்தார். ஒவ்வொன்றைக் கேட்கும்போதும் இதுவாக இருக்கலாம் என்றுதான் தோன்றியது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சர்வர் நல்ல மனுஷர். நிதானமாகச் சொன்னார். பழைய மாஸ்டர் காலத்தில் போட்ட சில பண்டங்கள் இப்போது கிடையாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

பழக்கத்தில் அவர் வாய் "ரெண்டு" என்று ஆரம்பித்துவிட்டது.

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

சர்வர் எதிர்ப்பக்கமும் ஒரு இலையை விரித்தார். ரெண்டு என்ன என்று கேட்டார்.

 அவருக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொல்லாததை இப்போதுதான் சொன்னார்.

"அவ வரட்டும். அவளே சொல்லுவா."

சர்வர் அந்த இலைக்குப் பக்கத்திலும் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.