விலைக்குக் கீழே ஒரு வரி

ஓசியில் கிடைத்தால் என் அப்பா பினாயிலையும் குடிப்பார். பைப் மொத்த வியாபாரத்தை ஆன்லைனில் நடத்த, காசு கேட்காத ஓப்பன் சோர்ஸ் தளம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார். அது அவர் மனசுக்குள் ஓடும் கணக்கை அப்படியே படித்து ஆளுக்கேற்ற விலை போடும். ஓப்பன் சோர்ஸ் என்றால் உள்ளே நடப்பது எல்லாமே திறந்து கிடக்கும் என்பதால், ஏன் அந்த விலை என்பதையும் வாங்குபவருக்கு ஒளிக்காமல் காட்டும்.

“காட்டட்டுமே. நான் என்ன கொள்ளையா அடிக்கிறேன்?” என்றார்.

முதல் ஆர்டர் போட்டவர் என் மாமனார். நேரே எங்கள் கடைக்கு வந்து போனை நீட்டினார். விலைக்குக் கீழே இருந்தது: “நம் பெண்ணைக் கொடுத்த இடம். கௌரவம் பார்த்துப் பேரம் பேச மாட்டார். பத்து சதவீதம் கூட்டு.”

“நல்லாருக்கு சம்பந்தி” என்று மட்டும் சொல்லிவிட்டு, காபியைத் தொடாமல் போய்விட்டார்.

அப்பா என்னிடம் முணுமுணுத்தார்: “காசு போட்டு வாங்கியிருந்தா மறைச்சிருக்கும்ல?”

சாயங்காலம் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியவள் நான்.