காகம் வைத்த ஈடு

இலுப்பை மரத்து அணில் சாகும்போது இரண்டு குட்டிகளையும் பொந்து நிறைய வேர்க்கடலையையும் விட்டுப் போனது. குட்டிகள் வளரும்வரை கடலையைக் காக்கும் பொறுப்பு அதன் தோழி காகத்துக்கு வந்தது.

அந்த மரத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அடுத்தவர் பொருளைக் காப்பவர், தன் பொருள் ஒன்றை மரத்தடியில் வாழும் ஆமையிடம் ஈடாக வைக்க வேண்டும். காப்பவர் கைவைத்தால் ஈடு திரும்பாது.

“உன் கூட்டில் இருக்கும் வால்முடி மெத்தையைக் கொடு” என்றது ஆமை.

காகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “என் முதல் குஞ்சு குளிரில் நடுங்கியபோது அணில் தன் வாலிலிருந்து பிடுங்கித் தந்த முடி அது! ஒரே கிளையில் வெயில் காய்ந்தவர்கள் நாங்கள். என்னிடமா ஈடு கேட்கிறீர்?”

ஆனாலும் காகம் மெத்தையைக் கொண்டுவந்து போட்டது.

அடைமழையில் எங்கும் இரை இல்லை. குட்டிகளுக்கு ஊட்டியபின், பசி தாங்காமல் காகம் தனக்கென்று ஒரு கடலையை அலகில் எடுத்தேவிட்டது. அப்போது அந்த மெத்தையின் வாசனை நினைவுக்கு வந்தது. கடலையை உள்ளேயே வைத்துவிட்டு மழையில் பறந்து போனது.

குட்டிகள் வளர்ந்து பொந்தை ஏற்றுக்கொண்ட அன்று ஆமை மெத்தையைத் திருப்பித் தந்தது. காகம் அதில் முகம் புதைத்துக்கொண்டது.

“வேறு எதையாவது கேட்டிருக்கக் கூடாதா, ஆமையாரே?”

“நான் எங்கே கேட்டேன்? அவள்தான் சொல்லிவிட்டுப் போனாள். ‘பசி வந்தால் என் தோழிக்கு எல்லாமே மறந்துவிடும். என்னை மட்டும் மறக்க மாட்டாள். அந்த மெத்தையை வாங்கி வையுங்கள்’ என்றாள்.”