ஓட்டை வைத்த பை

"பையில ஓட்டை போடணுமா?"

ஊசி அக்கா கையிலிருந்த கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. நாக்கின் கூர்மையைப் பார்த்துத் தெரு வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது.

"ஆமாங்க. பக்கவாட்டுல, மேலாப்பல. ஒரு விரல் நுழையற அளவு போதும்" என்றாள் பைக்கு ஆர்டர் கொடுத்திருந்த அம்மாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

"ஓட்டை விழுந்த பையைத் தைக்கத்தான் எங்கிட்ட வருவாங்க. தைச்ச பையில ஓட்டை கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதாம்மா!"

எம்பிராய்டரி மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அவளுடைய ஓரகத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

ஊசி அக்காவின் கோபத்திலும் நியாயம் இருந்தது. வருஷக்கணக்கில் கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போட்டு அலுத்துப்போய், ஓரகத்திகள் இருவரும் இப்போதுதான் கைப்பைத் தொழிலில் இறங்கியிருந்தார்கள். இது முதல் ஆர்டர். பை நன்றாக அமைந்தால் பார்க்கிறவர்கள் தேடி வருவார்கள். அசிங்கமாக அமைந்தால் முதல் கோணல் முற்றும் கோணல்தான். மறுபடி ஒட்டுப் போடப் போகவேண்டியதுதான்.

அதனால் உயிரைக் கொடுத்து உழைத்திருந்தார்கள். ஓரகத்தி இரண்டு துணித்துண்டில் மிஷின் எம்பிராய்டரி போட்டிருந்தாள். முன் துண்டில் மரக்கிளையும் ஒரு கிளியும். பின் துண்டில் அதே கிளையின் மிச்சமும் பூக்களும். இரண்டையும் சேர்க்கிற இடத்தில் நூலளவு பிசகினாலும் கிளை ஒடிந்த மாதிரி தெரியும். ஊசி அக்கா மூன்று முறை பிரித்து, நான்காம் முறைதான் பொருத்தினாள். சரியாக அந்தத் தையலிலேயே ஓட்டை கேட்டால்?

அது மட்டுமா! உள்ளே பளபளவென்று லைனிங் போடுகிறேன் என்றால், "வேணாங்க, மழைக்கோட்டுத் துணி போடுங்க" என்றாள். வாரைச் சின்னதாக வைக்கிறேன் என்றால், "இடுப்புக்குக் கீழே தொங்கணும்" என்றாள்.

"பை யாருக்கும்மா?"

"என் பொண்ணுக்கு. காலேஜுக்கு."

"அவளையே வரச் சொல்லுங்க. நான் பேசிக்கறேன்."

"அவ... வெளியே வரமாட்டாங்க."

அம்மாள் படியிறங்கியதுதான் தாமதம்.

"பார்த்தியாடி? மகாராணி கடைக்கு வந்தா கிரீடம் கழண்டுடுமாம்! அம்மா தூது வராங்க. ஓட்டை எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? போன் ஒயரை விட்டுக்கிட்டுப் பாட்டு கேட்டபடி நடக்கணும். அதுக்கு என் கிளை ஒடியணும்!"

"அக்கா, கிளி எங்க குடியிருக்கும்?" என்றாள் ஓரகத்தி.

"இப்ப அதுவா முக்கியம்?"

"மரப்பொந்துலதானே? ரெண்டு துண்டுலயும் ஓரத்துல பழுப்பு நூல்ல அரைவட்டம் அடிச்சுத் தரேன். நீங்க சேர்த்துத் தைக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுடுங்க. ஓட்டை பொந்தாயிடும்."

"பிரிக்கறது உன் கையா? சொல்லிட்டா!" என்று முணுமுணுத்துக்கொண்டே ஊசி அக்கா தையலைப் பிரித்தாள்.

தைத்து முடித்துப் பார்த்தபோது கிளி அந்தப் பொந்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்த மாதிரி இருந்தது. அவளுக்கே பிடித்துப்போனது. ஆனால் வாயால் சொல்வாளா? "ஏதோ பரவாயில்லை" என்று கட்டிக் கொடுத்தனுப்பினாள்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாள் வந்தாள். கூடவே ஒரு பெண். இடுப்புக்குக் கீழே அந்தப் பை தொங்கியது.

"வாம்மா மகாராணி! ஒருவழியா வெளியே வந்துட்டியா?"

"வந்துட்டேன் அக்கா" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

அப்போதுதான் ஊசி அக்கா கவனித்தாள். பொந்துக்குள் போனது போன் ஒயர் இல்லை. மேல்சட்டைக்கு அடியிலிருந்து நிறமில்லாத மெல்லிய குழாய் ஒன்று வந்து பைக்குள் இறங்கியிருந்தது.

"ஆபரேஷனாகி எட்டு மாசமாச்சுங்க" என்றாள் அம்மாள் தணிந்த குரலில். "சிறுநீர் இது வழியாத்தான் போகுது. அது சேர்ற பிளாஸ்டிக் பையை யாரும் பார்த்துடுவாங்களோன்னே இவ வாசலைத் தாண்டல. காலேஜே வேணாம்னுட்டா. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வேற வாங்கிட்டா. அதான் அன்னிக்கு..."

ஊசி அக்காவுக்கு எத்தனை பேச்சுப் பேசிவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது. எழுந்து போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன கண்ணு செய்யணும்? பிரிச்சுத் தைக்கணுமா? பத்துத் தடவை வேணும்னாலும் பிரிக்கறேன்."

"பை நல்லா இருக்குக்கா. என் கிளாஸ்ல ஆறு பேருக்கு இதே மாதிரி வேணுமாம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஓரகத்திகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"குழாயை அவங்க..." என்று இழுத்தாள் ஊசி அக்கா.

"காலேஜுக்குத் திரும்பப் போன முதல் நாளே பார்த்துட்டாங்க. யாரும் ஒண்ணும் கேக்கல."

"ஆறென்ன, அறுபதுகூடத் தைக்கலாம்! அவங்களுக்குப் பொந்து தேவையில்லையே. அதை மூடிட்டு இன்னும் அழகா தைச்சுத் தரேன்."

"ஐயோ, மூடிடாதீங்க அக்கா. பொந்து இல்லேன்னா பையே வேணாமாம்" என்றாள் அந்தப் பெண். "எல்லார்கிட்டயும் பொந்து வெச்ச பை இருந்தாத்தான், எது எனக்குன்னு தைச்சதுன்னு யாருக்கும் தெரியாதாம்."