பயப்படாதே, இப்படிக்கு தேவதாஸ்

"கோகிலா, அட்டை எடுத்தாச்சில்ல? நகரும்மா, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க" என்றார் தேவதாஸ்.

மலாக்காவில் காஜா பெராங் தமிழ்ச் சபையில் புத்தாண்டு ஆராதனை. 1951 பிறக்கப் போகிறது. வழக்கமாக நள்ளிரவில் நடப்பது, அந்த வருஷம் மாலை நாலு மணிக்கே நடந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம். இருட்டினால் ராணுவ லாரியும் சோதனையும்தான். புது வருஷத்தை எட்டு மணி நேரம் முன்கூட்டியே வரவேற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவர் சபைச் செயலாளர் தேவதாஸ். அரசாங்க ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. பயப்படுவது விசுவாசக் குறைவு என்று சற்று முன்தான் முக்கால் மணி நேரம் முழங்கியிருந்தார்.

முழக்கம் முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை. தட்டில் கவிழ்த்து வைத்திருப்பதில் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதிலுள்ள வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு. எடுத்தவர் பெயரை மேலே எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டு, சபை முத்திரையும் குத்திக் கொடுப்பார் தேவதாஸ். ஆண்டவரின் வாக்குக்கு இவர் ஜாமீன் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

"இன்னொண்ணு எடுத்துக்கிறேன் ஐயா. எங்க வீட்டுக்காரருக்கு."

தேவதாஸின் முகம் சுருங்கியது. கோகிலாவின் புருஷன் பொன்னுதுரை மளிகைக் கடைக்காரன். முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு சார்டின் டின் விற்றான். அவர்கள் காட்டுக்குள்ளிருந்து வந்த கம்யூனிஸ்டுகள் என்று சொல்லிப் போலீஸ் அவனைப் பிடித்துப் போய் மூன்று வாரம் ஆகிறது. புதன்கிழமை விசாரணை. ஊரில் மதிப்புள்ள ஒருவர் எழுத்தில் பொறுப்பேற்றால் விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். ஐந்து வயதில் மலாக்கா வந்தவனுக்கு அங்கே ஒரு முகம்கூடத் தெரியாது.

"கடுதாசி எழுத முடியாதுன்னு அன்னைக்கே சொன்னேனேம்மா" என்று குரலைத் தாழ்த்தினார். "கவர்மெண்ட் வேலை. நான் மாட்டிக்குவேன். ஆண்டவர் பார்த்துக்குவார்."

"கடுதாசி கேக்கலை ஐயா. அட்டைதான்."

வராதவர்களுக்காக வீட்டார் எடுப்பது வழக்கம்தான். வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. தட்டை நீட்டினார்.

'பயப்படாதே, உன்னைப் பேர் சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்.'

மேலே பொன்னுதுரை. கீழே தேவதாஸ், செயலாளர். டம்மென்று முத்திரை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோகிலா அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, உங்ககிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். நாளைக்கு விசாரிக்கிற வெள்ளைக்கார துரைகிட்ட இதைத்தான் கொடுக்கப் போறேன்."

"எதை?"

"அட்டையை. அவர் நம்ம சபை ஆளுன்னு உங்க கைப்பட இருக்கே. மூணு வாரமா கண்ணு மூடலை ஐயா. இதைப் படிச்ச பிறகுதான் எனக்குப் பயமே விட்டுப் போச்சு."

அவளை விட்ட பயம் மொத்தமும் அவரைப் பிடித்துக்கொண்டது.

அவள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் பேனாவை எடுத்துவிட்டார். நல்ல இங்கிலீஷ். 'அந்த அட்டை சபையில் எல்லோருக்கும் கொடுப்பது. அதை வைத்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம். அந்த மனிதனை எனக்கு அறவே தெரியாது.' ஏழு வருஷமாக அந்த மனிதன் கடையில்தான் அரிசி வாங்குகிறார்.

பக்கத்து வீட்டு அப்பாசாமி, பண்டார் ஹிலிரில் விசாரணை நடக்கும் அதே ஆபீசில் பியூன். நெற்றி நிறையத் திருநீறு. 'இன்னும் இருட்டிலேயே இருக்கியே அப்பாசாமி' என்று தேவதாஸ் வாரம் தவறாமல் அவருக்காக வருத்தப்படுவார். இருபது வருஷ வேலையில் ஒரு கடிதத்தைக்கூடத் தவறவிடாதவர் என்று அப்பாசாமிக்குப் பெயர்.

"காலையில முதல் வேலையா இதை துரை கையில கொடுத்துடு. ரொம்ப அவசரம்" என்று ஒட்டிய கவரை நீட்டினார் தேவதாஸ்.

"பொன்னுதுரை கேஸா ஐயா?"

"ஆமா."

அப்பாசாமி கவரைப் பார்த்தார். தேவதாஸின் முகத்தைப் பார்த்தார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை மத்தியானம் பொன்னுதுரை வீட்டுக்கு வந்துவிட்டான்!

"துரை அட்டையை மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார். கவர்மெண்ட் பெரிய கிராணியே பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரே, இது போதும்னு விட்டுட்டார்" என்று தெருவெல்லாம் சொல்லி அழுதாள் கோகிலா.

தேவதாஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன் கடிதம் என்ன ஆயிற்று? மூன்று நாள் குழம்பினார். ஞாயிற்றுக்கிழமை விடை கிடைத்தது. ஆண்டவர் துரையின் கண்ணைக் கட்டிவிட்டார்! அவ்வளவுதான், பிரசங்க மேடையில் ஏறிவிட்டார்.

"சபையாரே! ஒரு அப்பாவிக்காகக் கையெழுத்துப் போட்டேன். வேலை போகலாம், ஜெயிலுக்கும் போகலாம். பயந்தேனா?"

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பொன்னுதுரை விசும்பியே விட்டான். ஆராதனை முடிந்ததும் அவர் கையைப் பிடித்தவன், வெளி கேட் வரைக்கும் விடவில்லை.

கேட்டில் சைக்கிளோடு காத்திருந்தார் அப்பாசாமி. பிரிக்காத கவரைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் பணிவாக நீட்டினார்.

"மன்னிக்கணும் ஐயா, அன்னைக்குக் கொடுக்க மறந்துட்டேன். இப்ப துரைகிட்ட கொடுத்துடட்டுங்களா?"