சம்பந்தமில்லாத பேச்சு

"அவதானிகாரு, உங்க சம்சாரம் ஸ்டேஷன்ல உக்காந்திருக்காங்களாம். மறந்துட்டீங்களா?"

பங்காரய்யா கேட்டதும் தெனாலி மண்டபமே சிரித்தது. அஷ்டாவதானம் என்றால் அவதானியைச் சுற்றி எட்டுப் பேர். ஒருவர் செய்யுள் கேட்பார், ஒருவர் இன்ன எழுத்து வரக் கூடாது என்பார், ஒருவர் நினைத்த நேரத்தில் மணி அடிப்பார். அத்தனையையும் மனத்தில் வைத்திருந்து அவதானி கடைசியில் ஒப்பிக்க வேண்டும். சம்பந்தமில்லாமல் பேசி அவர் நினைப்பைக் கலைப்பதுதான் பங்காரய்யாவின் வேலை. அதில் மனிதர் மகா கில்லாடி.

ஆனால் இன்று அவர் விளையாடவில்லை. வாசலிலிருந்து கை மாறி ஒரு துண்டுச் சீட்டு மேடைக்கு வந்திருந்தது. "சம்சாரம் ஒரு மணி நேரமாக ஸ்டேஷனில். கூட்டிப்போக ஆள் வராவிட்டால் ஆறரை வண்டியில் பிறந்த வீட்டுக்கே திரும்பிவிடுவாராம்." பெயர் இல்லை. எதற்குப் பெயர்? தலை நிறையச் செய்யுளை அடைத்துக்கொண்டவருக்குப் பெண்டாட்டி எங்கே நினைவிருக்கப் போகிறாள்! பங்காரய்யா பதறிப்போனார்.

அவதானி யக்ஞேஸ்வர சர்மா இரண்டாவது அடியைச் சொல்லிவிட்டு நிதானமாகத் திரும்பினார். "அந்தம்மா எனக்காகக் காத்திருக்க மாட்டாங்க."

ஒரே கைதட்டல். நடுவில் மணி வேறு அடித்தது.

பங்காரய்யா சீட்டை உயர்த்திப் படித்தே காட்டினார். விளையாட்டுக்கு எழுதிக்கொண்டு வந்தது என்று எல்லோரும் ரசித்தார்கள். சத்தியம் செய்தார், இன்னும் சிரித்தார்கள். முதல் வரிசையில் மஞ்சள் பட்டு உடுத்திய அம்மாளுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. இப்படி ஓர் ஆளைப் பார்த்ததே இல்லை என்று சபைக் காரியதரிசி சால்வைக்குச் சொல்லி அனுப்பினார்.

மணி ஆறைத் தாண்டியது. பங்காரய்யா எழுந்து கை கூப்பினார். "ஐயா, நிஜமாவே சொல்றேன். அந்தம்மா கோவிச்சுக்கிட்டுப் போனா வீட்டுல சோறு கிடைக்காது."

"கிடைக்காதுதான்," என்றார் சர்மா. "ஆனா பட்டினி நான் இல்லை."

மண்டபம் அதிர்ந்தது. பங்காரய்யா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் சர்மா நாலு செய்யுளையும் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார். மணி அடித்தது இருபத்தேழு தடவை என்றார், அதுவும் சரி. பிறகு பங்காரய்யா பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏழு தடவை ஸ்டேஷன்னு சொன்னீங்க. என் சம்சாரம் அதோ, மஞ்சள் பட்டுல உக்காந்திருக்கா. காலையில காபி குடிக்கும்போது நீங்க சொன்னதையும் ஒப்பிச்சிடறேன்: ‘சாயங்காலம் ரேபல்லேயிலிருந்து என் சம்சாரம் வர்றா, நான்தான் ஸ்டேஷனுக்குப் போகணும்.’ ஆறரை வண்டிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, ஓடுங்க."