மனைவி பெயரில் ஒரு கணக்கு

நைஜல் எதையும் அவசரப்பட்டுச் செய்கிற ஆள் இல்லை. டான்காஸ்டர் ரயில் பணிமனையில் முப்பத்தொரு வருடம் பிரேக் சோதித்தவர். தப்பு செய்வதென்றாலும் அதைப் பாதுகாப்பாகச் செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை.

மூன்று வருடம் முன்பு, சரியாக மனைவி பெவர்லியின் பிறந்தநாளன்று, அவர் தன் பெயரைத் தடைப் பட்டியலில் பதிவு செய்தார். அதில் பெயர் ஏறிவிட்டால் பிரிட்டனில் உரிமம் பெற்ற எந்தப் பந்தயத் தளமும் ஐந்து வருடத்துக்கு உள்ளே விடாது. நாற்பதாவது கல்யாண நாளுக்குக் கப்பலில் போக இருவரும் சேர்த்து வைத்த பணத்தை அவர் குதிரைகளுக்கு வாரி விட்டிருந்தார். பெவர்லி கத்தவில்லை. அவர் கடைசிப் பொத்தானை அழுத்தும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு தடவை பந்தயம் கட்டினே, ஸ்கார்பரோவுல எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன், நைஜல்.”

சொன்னதைச் செய்கிறவள். அதனால்தான் நைஜல் இந்த முறை கடல் தாண்டினார்.

வெளிநாட்டுத் தளங்களில் பாதுகாப்பாக ஆடுவது எப்படி என்று இணையத்தில் ஒரு கட்டுரை இருந்தது. மூன்று முறை படித்து, விதைப் பொட்டலம் ஒன்றின் பின்புறம் குறிப்பெடுத்துக்கொண்டார். உரிம எண்ணைப் பார். புகார்களைப் படி. போனஸ் என்று சொன்னால் ஓடிவிடு. ‘வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டு ஆடு’ என்ற கடைசி விதிக்கு மட்டும் பொட்டலத்தில் இடமில்லாமல் போயிற்று.

கரீபியன் தீவு ஒன்றில் பதிவான தளமாகப் பிடித்தார். பிரிட்டனின் பட்டியல் அங்கே எட்டாது. ஒருவேளை ஜெயித்த பிறகு எட்டிவிட்டால்? ஆகவே பெயரும் பிறந்த தேதியும் பெவர்லியுடையதைக் கொடுத்தார். வங்கி அட்டையைத் தொடவில்லை. பக்கத்து ஊர்க் கடையில் ரொக்கம் கொடுத்து, தளத்தில் பணமாகச் செல்லும் வவுச்சர் வாங்கினார். ஆட்டம் தோட்டத்துக் கண்ணாடிக் கொட்டகையில், தக்காளிச் செடிகளுக்கு நடுவில்.

போன வியாழக்கிழமை, நான்கும் ஜெயித்தால்தான் பணம் என்று நான்கு குதிரைகளை ஒன்றாகக் கோத்து இருபது பவுண்டு கட்டினார். நான்கும் முதலில் வந்தன. 6,950 பவுண்டு.

அன்று முழுக்க அவர் தக்காளிச் செடிகளுக்கு நடுவிலேயே இருந்தார். ஓய்வூதியப் பாக்கி வந்தது என்று சொல்லிக் கப்பல் டிக்கெட்டைச் சாப்பாட்டு மேசைமேல் வைப்பதாக மனதுக்குள் பத்து முறை ஒத்திகை பார்த்தார்.

பணத்தை எடுக்கப் போனபோதுதான் தளத்துக்குச் சந்தேகம் வந்தது. கட்டும்போது ஆளா பேயா என்றுகூடப் பார்க்காதவர்கள், எடுக்கும்போது முகவரிக்கு அத்தாட்சியாகக் கேஸ் பில் கேட்டார்கள். கூடவே, முகத்தருகே பாஸ்போர்ட்டைப் பிடித்தபடி பெவர்லியின் புகைப்படம்.

கேஸ் பில் சுலபம். நைஜலின் கை சுத்தமில்லை என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டு பில் எல்லாம் அவள் பெயரில்தான் வருகிறது. படத்துக்குத்தான் இரண்டு நாள் யோசித்தார்.

ஞாயிறு மதியம், மழை. பெவர்லி சமையலறையில் ஆப்பிள் க்ரம்பிள் இனிப்புக்கு மாவையும் வெண்ணெயையும் விரலால் உதிர்த்துக்கொண்டிருந்தாள்.

“பெவ், உன் பஸ் பாஸைப் புதுப்பிக்கணுமாம். இப்பல்லாம் பாஸ்போர்ட்டைக் கையில பிடிச்சு போட்டோ கேக்கறாங்க.”

“பஸ்ஸே வர்றதில்ல. அதுக்குப் பாஸ்போர்ட் ஒண்ணுதான் குறைச்சல்.”

“பாஸ் தர்ற கவுன்சில்காரங்களைப் பத்தி உனக்குத் தெரியாதா?”

அவள் அவரையே பார்த்தாள். கெட்டிலில் தண்ணீர் கொதித்து, தானாகவே அணைந்தது. பிறகு கை கழுவி, மாடிக்குப் போய்ப் பாஸ்போர்ட்டை எடுத்து வந்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி, கட்டைவிரல் எண்ணை மறைக்காதபடி பாஸ்போர்ட்டைத் தாடைக்குக் கீழே பிடித்தாள்.

“ரொம்ப நாள் பழகினவ மாதிரி நிக்கறியே.”

“லைப்ரரி கார்டுக்கும் இதே கூத்துதான். சீக்கிரம் எடு கண்ணு, வெண்ணெய் உருகுது.”

நைஜல் படத்தை எடுத்தார். எவ்வளவு நம்புகிறாள். இந்தப் பெண்ணை ஏமாற்றுவது இதுதான் கடைசி என்று உண்மையாகவே தீர்மானித்துக்கொண்டு படத்தை அனுப்பினார்.

“என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்ல. கப்பல்ல போனா உனக்கு எந்தப் பக்கத்து ரூம் பிடிக்கும்னு யோசிச்சேன்.”

“உன் பவிசுக்குக் காகிதக் கப்பல்தான். ஆப்பிளை நறுக்கு.”

நறுக்கினார். நாற்பத்து மூன்று வருடத்தில் அந்த வீடு நிம்மதியாக இருந்ததெல்லாம் இருவரும் வாய் திறக்காத நேரங்களில்தான். ஜன்னலில் மழை வழிந்தது. கால் மணி நேரம் ஆப்பிளும் மாவுமாகப் போயிற்று.

மேசைமேல் அவர் போன் அதிர்ந்தது. அதே நொடியில் பெவர்லியின் ஏப்ரன் பைக்குள்ளும் ஒன்று அதிர்ந்தது.

அவர் மேசைக்கு அடியில் வைத்துப் படித்தார். அவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி நின்று படித்தாள். இரண்டு திரையிலும் தளத்திலிருந்து வந்த ஒரே செய்திதான்.

“அன்புள்ள பெவர்லி, ஒருவருக்கு ஒரு கணக்கு என்பதே எங்கள் விதி என்பதால், இன்று படம் வந்த புதுக் கணக்கை அதிலிருந்த 6,950 பவுண்டோடு மூடிவிட்டோம், மூன்று வருடம் முன்பு உங்கள் பிறந்தநாளன்று மாலை நீங்கள் தொடங்கி, நாள் தவறாமல் ஆடிவரும் பழைய கணக்கு மட்டும் முழுப் பாதுகாப்பாக இருக்கிறது.”